நாற்பத்து மூன்றாவது செல்

திரையில் ஓடிக்கொண்டிருந்த நீலக் கோடு விழவில்லை. விழ வேண்டிய நேரம் தாண்டி அரை மணித்தியாலம் ஆகியும் விழவில்லை. சந்திரிகா கதிரையின் நுனிக்கு வந்தாள். பிறகு எழுந்து நின்றாள். பிறகு, ஆய்வுகூடத்தில் வேறு யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாய்விட்டு “ஐயோ!” என்றாள். சந்தோஷம் தலைக்கேறினாலும் நம்மவர்களுக்கு வாயில் வருவது ஐயோதான்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகல கைத்தொழில் வலயத்தில், கிரிக்கெட் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் ஜன்னலில் தெரியும் தூரத்தில், ஒரு காலத்தில் ஆடைத் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்துக்குள் அந்தச் சிறிய ஆய்வுகூடம் இருக்கிறது. நான்கு வருடமாக அங்கே ஒரே வேலைதான். ஓட்டோக்களுக்கு ஏற்ற இலிதியம் பற்றரிக்குள் போடும் கதோட்டுத் தூளை நாமே செய்வது. கதோட்டு என்றால் பற்றரியின் நேர்ப்பக்கம். சார்ஜ் ஏற்றும்போது இலிதியம் அங்கிருந்து கிளம்பி மறுபக்கம் போகும். பற்றரி வேலை செய்யும்போது வீடு திரும்பும். எவ்வளவு இலிதியம் ஒழுங்காக வீடு திரும்புகிறதோ, அவ்வளவு தூரம் ஓட்டோ ஓடும்.

சந்திரிகாவின் தூள் இரும்பும் பொசுபேற்று உப்பும் இலிதியமும் சேர்ந்தது. மலிவானது, இலகுவில் தீப்பிடிக்காதது, மொத்தத்தில் நல்ல குணம். ஒரே ஒரு குறை, மின்சாரத்தைக் கடத்தச் சோம்பல்படும். தூளைச் செய்து, அலுமினியத் தாளில் பூசி, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய செல் ஒன்றுக்குள் அடைத்து, சார்ஜ் ஏற்றி, பிறகு இறங்க விட்டுப் பார்ப்பார்கள். இறங்கும்போது திரையில் கோடு நேராகப் போய், சக்தி தீர்ந்ததும் படாரென்று விழும். அவள் அதுவரை செய்த நாற்பத்திரண்டு செல்களிலும் கோடு ஒரு மணித்தியாலத்தில் விழுந்தது. ஒரு கிராமுக்குத் தொண்ணூறு என்று ஒரு எண் வரும். ஆகக்கூடியது நூற்றெழுபது வரலாம் என்று புத்தகம் சொல்லும். தொண்ணூறு என்றால் பாதி இலிதியம் வீட்டுக்கே வரவில்லை என்று அர்த்தம்.

நாற்பத்து மூன்றாவது செல் ஒரு மணித்தியாலமும் முக்காலும் ஓடிவிட்டுத்தான் விழுந்தது. எண், நூற்றைம்பத்தொன்று.

அவள் படிக்கட்டில் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு பின்னால் நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு பேராசிரியர் ஸ்ரீதரனின் அறைக்குள் போய் நின்றாள். ஸ்ரீதரன் யாழ்ப்பாணத்து மனிதர். ஆய்வுகூடத்தின் தலைவர். சிரிப்பதற்கு முன்னால் ஒருதரம் யோசிப்பார், யோசித்த பிறகு சிரிக்காமல் விட்டுவிடுவார். அன்று அவரும் படிக்கட்டில் ஓடினார்.

திரையை மூன்று நிமிடம் பார்த்தார். “ஓம்” என்றார். பிறகு இன்னும் மெதுவாக, “ஓம்... ஓம்... இதைத் திரும்பச் செய்து காட்டும், பிள்ளை. திரும்பச் செய்தால்தான் கண்டுபிடிப்பு. இல்லாட்டி, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான்.”

“செய்றேன் சேர்! இதே மாதிரி அஞ்சு செஞ்சு காட்டுறேன்!”

வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். நாற்பத்து நான்காவது தொண்ணூறு. நாற்பத்தைந்து, எண்பத்தெட்டு. நாற்பத்தாறு, தொண்ணூற்றொன்று. நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் அவற்றின் அக்காமார் போலவே ஒரு மணித்தியாலத்தில் கவிழ்ந்தன. அதே புட்டிகள், அதே எடை, அதே உலை, அதே எழுநூறு பாகை, அதே கை. பனம்பழம் மட்டும் மறுபடி விழவில்லை.

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று யார் சொன்னது? சந்திரிகா அன்று போட்டிருந்த பச்சைச் சுடிதாரைத் தேடி எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அன்று போலவே பன்வில பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அன்று மழை என்பதால் மழை நாளுக்குக் காத்திருந்து தூளை அரைத்தாள். கண்டிப் பக்கத்தில் மழைக்குக் காத்திருப்பது ஒன்றும் பெரிய தவமில்லை, மாலையானால் வந்துவிடும். மழை வந்தது, சுடிதார் நனைந்தது, எண் தொண்ணூறைத் தாண்டவில்லை.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு ஸ்ரீதரன் அவளைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு சின்னப் புட்டிகள் இருந்தன. ஒன்றில் நாற்பத்து மூன்றாவது தூளின் மிச்சம். மற்றதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த, தொழிற்சாலையில் செய்த தூள். இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன.

“உம்முடைய மற்றத் தூளெல்லாம் சாம்பல் நிறம்” என்றார். “இது மட்டும் ஏன் இப்பிடிக் கறுப்பு?”

“தெரியலங்க சேர். உலையில இருந்து எடுக்கும்போதே கறுப்பாத்தான் இருந்துச்சு. கொப்பியிலயும் எழுதியிருக்கேன்.”

“எழுதியிருக்கிறீர். வாசிச்சனான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்து வருவது நல்ல வார்த்தையாக இராது. “நான் குற்றம் சாட்டேல்ல. ஆனா வெளியில இருந்து வாற ஆக்கள் இதைப் பாத்தா என்ன சொல்லுவினம்? கடையில வாங்கின தூளைப் போட்டு அடைச்சுப்போட்டு, தன்ர எண்டு காட்டுறாள் எண்டுதான் சொல்லுவினம். தீபாவளி கழிஞ்ச வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து மதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள இன்னொண்டு செய்து காட்டும். இல்லாட்டி நாற்பத்து மூண்டை நான் நீக்கிவிடுவன். உம்மையும் இந்த வேலையில வச்சிருக்கேலாது.”

அவளுடைய ஆய்வுக் கொப்பி அவர் மேசையில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால்தான் அந்தப் பக்கம் செல்லும். நாற்பத்து மூன்றாம் செல்லின் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இனி அவள் தனித்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சந்திரிகாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தோட்டத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்த வழியில் அவளை முட்டாள் என்று சொன்னவர்கள் உண்டு, சின்னப்பெண் என்று தட்டிக் கழித்தவர்கள் உண்டு. கள்ளி என்று நினைத்தவர் இவர்தான் முதலாமவர். வேலை போனால் வேறு வேலை தேடலாம். இந்தப் பெயரோடு எந்த ஆய்வுகூடத்தின் படியை மிதிப்பது?

இங்கே ஒன்று கேட்கத் தோன்றும். தூள் கறுப்பாக இருந்தால் அதில் கரி கூடியிருக்கிறது என்று கெட்டிக்காரிக்குத் தெரியாதா? தெரியும். தூளோடு கரி சேர்ப்பது உலக வழக்கம். உலகத்தில் பாதிப்பேர் அதற்குச் சீனியைத்தான் போடுகிறார்கள். சீனி உலைக்குள் கரியாகித் துகள்களுக்குச் சட்டைபோல ஒட்டிக்கொள்ளும். முதல் வருடமே அவள் கேட்டும் பார்த்தாள். ஸ்ரீதரன் சீறினார். “எல்லாரும் சீனி போடினம். நாங்களும் சீனி போட்டா, எங்கட நாட்டுக் காரீயம் எதுக்கு?” பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம்தான். நம் சுரங்கங்களில் கிடைப்பது உலகத்திலேயே தரமானது என்று அவருக்கு ஒரு பெருமை. ஆகவே அந்தக் கூடத்தில் காரீயத் தூளைத் தவிர வேறு கரி கிடையாது. சீனி என்ற பேச்சே கிடையாது. காரீயத்தையோ அவள் ஒவ்வொரு முறையும் தராசில் வைத்துத்தான் போட்டாள். கூடிய கரி எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை அவள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து றம்லத்திடம் கொடுத்திருந்தாள். றம்லத் அந்தக் கூடத்தின் உதவியாளர். நாற்பது வயது, திகனவில் வீடு. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவது, களஞ்சியத்திலிருந்து சாமான் எடுத்துத் தருவது, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவள்தான். சந்திரிகாவைத் தங்கச்சி என்று கூப்பிடுவாள். ஐந்து தோல்வியிலும் அவளுக்காக ஐந்து தரம் அல்லாவிடம் துஆ கேட்டவள்.

செவ்வாய்க்கிழமை காலை றம்லத் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். சந்திரிகாவுக்கு முகம் கொடுத்துப் பேசக்கூட மனமில்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள், கையில் ஒன்றுமில்லை. “சரிக்கா, நல்லா இருந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்து, வெறும் டப்பாதானே என்று கழுவும் தொட்டிக்குள் பிடித்துக் குழாயைத் திருகப் போனாள்.

“தங்கச்சி, தண்ணி ஊத்திராதீங்க! சீனி ஈக்கி!”

குனிந்து பார்த்தாள். வெள்ளை டப்பாவின் அடியில் வெள்ளைச் சீனி. ஒரு கை அளவு இருக்கும். கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் கண் பார்க்கவில்லை.

“எதுக்குக்கா சீனி?”

“வெறும் டப்பாவ எப்படி குடுக்குற? எங்கட உம்மா அறிஞ்சா ஏசும். ஆக்க நேரமில்ல, அதான் ஒரு கை சீனியப் போட்ட. பெருநாள் சாமான் வந்த பாத்திரத்த வெறுசாக் குடுத்தா பரக்கத் இல்ல.”

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இது சந்திரிகா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பக்கத்து லயத்து வீட்டுக்குச் சட்டி திரும்பிப் போகும்போது அவள் அம்மா இரண்டு பச்சை மிளகாயாவது போட்டு அனுப்புவாள். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், திகனவிலும் அப்படித்தான். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சந்திரிகா குழாயடியிலேயே நின்றுவிட்டாள். டப்பாவைப் பார்த்தாள். அலுமாரியில் கவிழ்த்து வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் உரலைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். 

“அக்கா, நீங்க யாருகிட்ட எத வாங்கினாலும் இப்படித்தான் திருப்பிக் குடுப்பீங்களா?”

“பின்ன?”

“இந்த லெப்புல எதயாச்சும் இரவல் வாங்கினீங்களா? செப்டெம்பர்ல? அந்த மழை நாள்ல? சொல்லுங்கக்கா!”

றம்லத்தின் முகம் வெளுத்தது. அவள் முதலில் பார்த்தது சந்திரிகாவை அல்ல, கதவை. கதவில் ஸ்ரீதரன் கையெழுத்தோடு ஒரு அறிவித்தல் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. உணவுப் பொருள் எதுவும் ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மீறினால் வேலை நிறுத்தப்படும்.

“அல்லாவே” என்றாள் மெதுவாக. “வேல போயிரும், தங்கச்சி.”

“போகாது. யாருக்கும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க.”

கதை இவ்வளவுதான். அன்று காலை திடீரென்று விருந்தினர் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஸ்ரீதரன் இஞ்சித் தேத்தண்ணீர் கேட்டார். தேத்தண்ணீர் அறையில் இருந்த சின்ன உரல் முந்திய வாரமே உடைந்துபோயிருந்தது. களஞ்சியத்துக்குப் புதிதாக வந்த பீங்கான் உரல்கள் பெட்டிக்குள் வைக்கோலோடு இருந்தன. மருந்து எதுவும் பட்டிருக்கவில்லை. றம்லத் ஒன்றை எடுத்து இஞ்சியும் ஏலக்காயும் இடித்தாள். தேத்தண்ணீரைக் குடித்த ஸ்ரீதரன் இப்படி ஒன்று இதுவரை குடித்ததில்லை என்று பாராட்டினார். பிறகு உரலை மூன்று தரம் கழுவி, துடைத்து, உலர்த்தி, சந்திரிகா கேட்டிருந்தபடி அவள் தராசுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினவளுக்கு மனம் கேட்கவில்லை. இரவல் எடுத்த பாத்திரம். தேத்தண்ணீர் அறைக்குப் போய் ஒரு தேக்கரண்டி சீனி எடுத்துவந்து உரலின் அடியில் போட்டாள்.

“அதச் சொல்லத்தான் பாத்துக்கொண்டு நின்ட. மத்த பக்கம் சேர் கூப்பிட்டார். நீங்க பாப்பீங்க, எடுத்து வாயில போட்டுக்கொள்ளுவீங்க எண்டு நெனச்ச.”

லெப்பில் உள்ள உரலுக்குள் இருப்பதை யாராவது வாயில் போடுவார்களா! ஆனால் சந்திரிகாவால் சிரிக்கக்கூட முடியவில்லை. அவளுக்கு அந்தக் காலை முழுவதும் கண்முன்னால் வந்தது. பத்து மணிக்கு மின்வெட்டு என்று சொல்லியிருந்ததால், தராசு நின்றுபோவதற்குள் எடை போட்டுவிட அவசரம். புது உரல். உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் மணிகள். அவள் அதைப் பார்த்தாள்! பார்த்தும், பொசுபேற்று மணிகளில் கொஞ்சத்தைத் தான்தான் முதலில் கொட்டிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். பொசுபேற்று மணிகளுக்கும் சீனிக்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மேலே மிச்சப் பொசுபேற்றையும் மற்றதையும் கொட்டி நறநறவென்று அரைத்தாள். அதன்பிறகு அந்த உரலை றம்லத் இரவல் வாங்கவில்லை, ஆகவே அதில் சீனியும் இருக்கவில்லை.

“அக்கா!” என்று கத்தி அவளைக் கட்டிக்கொண்டு சந்திரிகா குதித்த குதியில் சீனி டப்பா கீழே விழுந்தது. றம்லத்துக்கு எதற்கு இந்தக் கும்மாளம் என்று விளங்கவில்லை. வேலை போகவில்லை என்பது மட்டும் விளங்கியதால் அவளும் கொஞ்சம் குதித்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் கல்யாண வீட்டுக் குசினி போலானது. “அக்கா, அன்னைக்குப் போட்ட மாதிரியே ஒரு கரண்டி போடுங்க” என்று றம்லத்தை அதே கரண்டியோடு தராசுக்கு முன்னால் நிறுத்தினாள். “கூட்டாதீங்க, கொறைக்காதீங்க. அன்னைக்கு மாதிரியே.” றம்லத் மூன்று தரம் போட்டாள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன, நான்கு தசம் இரண்டு கிராம். இருபது வருடமாகத் தேத்தண்ணீர் ஊற்றுகிற கை தராசுக்குத் தோற்குமா?

சந்திரிகா இரண்டு தூள்களை ஒரே நேரத்தில் செய்தாள். ஒன்று வழக்கம்போல, காரீயம் மட்டும். மற்றது காரீயமும் சீனியும். இரண்டையும் ஒரே உலையில் பக்கம் பக்கமாக வைத்தாள், நாளைக்கு எவரும் உலைமேல் பழி போடக் கூடாது என்று. புதன்கிழமை பின்னேரம் குண்டசாலைப் பக்கமிருந்து இடி உருண்டுவந்தது. விளக்கு ஒருதரம் கண் சிமிட்டியது. உலையின் எண் எழுநூறிலிருந்து அறுநூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியபோது அவள் சைவமோ கிறிஸ்தவமோ இஸ்லாமோ என்று பாராமல் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள். மின்சாரம் நின்றுவிடவில்லை. எண் மறுபடி ஏறியது. வியாழன் காலை உலையைத் திறந்தாள். ஒரு தட்டில் சாம்பல் நிறம். மற்றதில் கன்னங்கரேல்.

ஸ்ரீதரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்குக் காட்டுறேன் சேர்” என்று மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி பத்மாதேவி, கொழும்பில் பெயர்பெற்ற இரசாயனவியலாளர், கூரான பார்வையும் குட்டையான தலைமயிருமாக ஒரு அம்மையார். சுவரில் விழுந்த திரையில் இரண்டு கோடுகள் புறப்பட்டன. சிவப்பு, நாற்பத்தொன்பதாவது செல், சீனி இல்லாதது. நீலம், ஐம்பதாவது, சீனி போட்டது. எது என்ன என்று சந்திரிகா இன்னும் சொல்லவில்லை. ஸ்ரீதரன் ஆய்வுகூடத்தின் நான்கு வருட வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சுவரில்.

நாற்பது நிமிடம். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக. ஐம்பது நிமிடம்.  ஒரு மணித்தியாலம் ஆனதும் சிவப்பு தளம்பியது. பிறகு மலைச்சரிவில் கல் உருண்டாற்போலக் கீழே போயிற்று. ஸ்ரீதரன் பேச்சை நிறுத்தினார்.

நீலம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி பத்து. ஒரு மணி இருபது. யாரோ கதிரையை முன்னால் இழுத்தார்கள். பக்கத்து மைதானத்தில் கடைசி ஓவர் நடப்பதுபோல மூன்று அறிஞர்களும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு மணி நாற்பதில் பத்மாதேவி, “விழாதே, விழாதே” என்று தனக்குள் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. ஒரு மணி நாற்பத்தாறாவது நிமிடத்தில் நீலக் கோடு விழுந்தது. நூற்றைம்பத்து மூன்று.

அறை கைதட்டியது. சந்திரிகாவின் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. ஸ்ரீதரன் மட்டும் கைதட்டாமல் திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

“என்ன செய்தீர்?” என்றார்.

“சீனிங்க சேர். காரீயத்தோட ஒரு தேக்கரண்டி சீனி. காரீயம் தனியா துகளோட ஒட்டாது. சீனி உருகிக் கரியாகிறப்ப ரெண்டையும் சேத்துப் பிடிச்சிக்குதுன்னு நினைக்கிறேன். தனிச் சீனிக்கும் இந்த எண் வருமான்னு இன்னும் செஞ்சு பாக்கணும். நம்ம காரீயம் வேணும் சேர். அதுக்கு ஒட்டுறதுக்கு ஒண்ணும் வேணும்.”

பத்மாதேவி மேசையில் இருந்த தாள்களைப் புரட்டினார். “இருங்கோ. நாற்பத்து மூண்டாவது செல்லிலும் இதே எண் வந்திருக்கு. அந்தப் பக்கத்தின் பிரதியில சீனி எண்டு ஒரு சொல்லும் இல்லையே. அதுக்குள்ளயும் சீனி இருந்ததோ?”

“இருந்துச்சுங்க மேடம்.”

“அப்ப ஏன் எழுதேல்ல? போட்டதை மறைச்சீரோ?”

சந்திரிகா மனதுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் றம்லத்தின் வேலை. சொல்லாவிட்டால் தன் பெயர். நான்தான் கவனயீனமாகப் போட்டேன் என்று சொன்னால் பொய்ப் பக்கம் எழுதியவள் ஆவாள், கள்ளி என்ற பட்டம் இனி எழுத்திலேயே வந்துவிடும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

“எனக்குத் தெரியாம விழுந்துருச்சுங்க. எப்படின்னு... சொல்ல முடியாது.”

“தெரியாமல் விழுந்ததோ, சொல்ல முடியாதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லும்” என்றார் ஸ்ரீதரன். குரலில் பழைய குளிர் திரும்பியிருந்தது.

வாசலில் கோப்பைகள் கிலுகிலுத்தன. றம்லத் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. தட்டை வாசலுக்கு வெளியே இருந்த மேசையில் வைத்தாள், முந்தானையைச் சரிசெய்தாள்.

“நான் தான் போட்ட, சேர்.”

“அக்கா, வேணாம்...” என்றாள் சந்திரிகா.

“நீங்க சும்மா ஈங்க, தங்கச்சி.” அவள் ஸ்ரீதரனையே பார்த்துப் பேசினாள்.  “ஒங்களுக்கு இஞ்சி இடிக்க, லெப் உரல எடுத்த. புது உரல், மருந்து படல்ல. மூணு தரம் கழுவின. இரவல் வாங்கினத வெறுசாக் குடுக்க ஏலாதே சேர், அதான் ஒரு கரண்டி சீனி போட்டு வச்ச. இந்தப் புள்ளைக்குத் தெரியா. செவ்வாக்கிழம தான் தெரியும். சட்டத்தில என்ன ஈக்கோ அதச் செய்ங்க. புள்ளைய மட்டும் பொய்க்காரி எண்டு சொல்லாதீங்க.”

 முதலில் சிரித்தது பத்மாதேவி. சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பல்ல. கண்ணில் நீர் வரும்வரை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “நாலு வருஷம், நாற்பத்திரண்டு செல், ஒரு முழு ஆய்வுகூடம். அவ வாசலில நிண்டு ஒரு கரண்டியில முடிச்சுப்போட்டா!”

ஸ்ரீதரன் சிரிக்கவில்லை. றம்லத்தைப் பார்த்தார், கதவில் தன் கையெழுத்தோடு இருந்த அறிவித்தலைப் பார்த்தார், பிறகு தட்டில் ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணீரைப் பார்த்தார்.

“அண்டைக்கு அந்த இஞ்சித் தேத்தண்ணியைப் புகழ்ந்து குடிச்சவன் நான்தான்” என்றார். “அதால, முதல் குற்றவாளி நான். நாளைக்கே தேத்தண்ணி அறைக்கு ஒரு உரல் வாங்கித் தாறன், றம்லத். லெப் உரலை மட்டும் இனித் தொடாதேங்கோ, சத்தியமா ஆபத்து.” பிறகு சந்திரிகாவின் பக்கம் திரும்பினார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. “பிள்ளை, உம்மைச் சந்தேகப்பட்டது என்ர பிழை. இந்த ஆக்களுக்கு முன்னாலயே சொல்லுறன்.”

அறைக்குப் போனவர் கால் மணித்தியாலம் வரவில்லை. றம்லத் தேத்தண்ணீரைச் சூடாக்கி வெளி மேசைக்குக் கொண்டுவந்தாள். பத்மாதேவி இரண்டாவது கோப்பையும் கேட்டார். பிறகு ஸ்ரீதரன் கையில் கொப்பியோடு வந்து அதைச் சந்திரிகாவிடம் நீட்டினார்.

“இரவல் எடுத்தனான். வெறுமையாத் தரேல்ல” என்றார்.

அவள் நாற்பத்து மூன்றாம் செல்லின் பக்கத்தைத் திறந்தாள். அடியில் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, பொருட்களின் பட்டியல் முடிகிற இடத்தில், அன்றைய திகதி போட்டு ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார். கொப்பி முழுவதும் ஆங்கிலம். அந்த ஒரு வரி மட்டும் தமிழ். ஏன் தமிழில் எழுதினார் என்று சந்திரிகாவுக்கு உடனே விளங்கியது. கொப்பியை றம்லத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

றம்லத் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“சீனி, ஒரு தேக்கரண்டி. போட்டவர், றம்லத்.”